கலாநிதி எதிர்வீரசிங்கமும் எங்கள் இளைஞரும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விளையாட்டைப் பற்றிச் சிறிது நேரம் பேசும்படி விழாக் குழுவினர் எம்மைப் பணித்திருக்கின்றனர். பண்ணிசையும் பேச்சுப் போட்டியும் நாடகமும் நடக்கும் இம்மேடையில் ஓட்டமும் பாய்ச்சலும் பந்துவீச்சும் என்ன வேலைக்கு வந்தன என்று முன்வரிசையிலுள்ள பெரியோர் எண்ணக்கூடும். அவர்கள் மனத்திலுள்ள கேள்வியையே நாமும் எடுத்துக்கொள்வோம். “விளையாட்டுச் சோறு போடுமோ?” எங்கள் வீடுகளில் நாள்தோறும் கேட்கும் கேள்வி இது. இதை எள்ளி நகையாடுவது அறிவுடைமையாகாது. இருந்த வீட்டையும் சேர்த்த பொருளையும் ஒருமுறைக்கு இருமுறை இழந்த சமூகம் நாங்கள். படிப்பு ஒன்றையே எவரும் கொளுத்த முடியாது என்று கண்ட பெற்றோர், பிள்ளையின் கையிலுள்ள பந்தை வாங்கி வைத்துப் புத்தகத்தைக் கொடுத்தால் அவர்களை எப்படிக் குறை கூறுவது?

ஆயினும் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் பிற்பகல் மூன்று மணிக்கு நின்று பாருங்கள். பாடசாலைச் சட்டையோடு, முதுகில் பையோடு, கையில் மாலுபாணைக் கடித்துக்கொண்டு, பிள்ளைகள் ஒரு ரியூஷன் வகுப்பிலிருந்து மற்றொன்றுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். கடல் இரண்டடியில் இருக்கிறது. அதன் காற்றைக்கூட அவர்கள் சனிக்கிழமைகளில் காண்பதில்லை. கொட்டாஞ்சேனையிலோ சுகததாச விளையாட்டரங்கு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அதன் ஓடுபாதையில் எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் கால் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் எண்ணிக்கை விரல்களுக்குள் அடங்கிவிடும்.

அந்தக் கேள்விக்கு நாம் தத்துவம் பேசி விடை சொல்லப் போவதில்லை. ஒரு மனிதரின் வாழ்க்கையை எடுத்துச் சொல்வோம். 2024 ஏப்ரலில் தமது எண்பத்தொன்பதாவது வயதில் மறைந்த கலாநிதி நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அவர்களே அவர். முதியோர் அவரை அறிவர். இளைஞருட் பலர் பெயரையும் கேட்டிருக்கமாட்டீர்கள். அது உங்கள் பிழையன்று. சொல்லித் தராத எங்கள் பிழை.

யாழ்ப்பாணத்துப் பெரியவிளான் என்னும் ஊரில் 1934ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிறந்தவர் அவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவர். அவர் தேர்ந்துகொண்ட போட்டி உயரம் பாய்தல். 1952ஆம் ஆண்டு யூலையில் பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கி நகரில் ஒலிம்பிக் விழா நடந்தது. அங்கே இலங்கையின் சார்பில் உயரம் பாய நின்ற எதிர்வீரசிங்கத்துக்கு அப்பொழுது பதினெட்டு வயது நிரம்பவில்லை. யாழ்ப்பாணத்துக் கல்லூரி மைதானமொன்றில் பாய்ந்து பழகிய பையன், உலகமே கூடியிருந்த அரங்கில் நின்றான் என்றால், அது அந்நாளில் எங்கள் வீடுகளில் எத்தனை பெரிய செய்தியாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அங்கே அவர் பதக்கம் பெறவில்லை. அன்று முதலிடம் பெற்றவர் அமெரிக்கரான வால்ட் டேவிஸ். சிறு பிராயத்தில் இளம்பிள்ளை வாதத்தினால் பீடிக்கப்பட்டு, நடக்கவே சிரமப்பட்டவர் அவர். அவர் தாண்டிய உயரம் 2.04 மீற்றர். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

உயரம் பாய்தல் என்னும் போட்டியைப் பற்றி இளைஞருக்கு ஒரு வார்த்தை. இன்று நீங்கள் தொலைக்காட்சியில் காண்பது, முதுகைத் தடியின் பக்கம் திருப்பி, தலை முதலாகப் பின்புறம் சரிந்து பாயும் முறை. அது 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் டிக் பொஸ்பரி என்பவர் அவ்வாறு பாய்ந்து தங்கம் வென்ற பின்னரே உலகெங்கும் பரவியது. அதற்கு முந்திய காலத்தவர்கள் தடியின்மேல் பக்கவாட்டில் உருண்டோ, குப்புறக் கிடந்தாற்போல் சுழன்றோ தாண்டினார்கள். இறங்கும் இடத்தில் இன்றுள்ளது போன்ற தடித்த மெத்தை இல்லை. அநேகமான மைதானங்களில் மணற்குழியே இருந்தது. ஆறடி உயரத்துக்கு மேலிருந்து மணலில் விழுந்து எழுவது எத்தகைய காரியம் என்பதை, முற்றத்து மணலில் ஒருமுறை விழுந்து பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னுமொன்று. இப்போட்டியில் தடி ஏறிக்கொண்டே போகும். தொடர்ந்து மூன்று முறை தட்டியவர் விலக வேண்டும். எல்லோரும் விலகிய பின் எஞ்சியவரே வெற்றியாளர். ஆனால் வெற்றியாளரும் அத்தோடு நிற்பதில்லை. தடியை இன்னும் உயர்த்தச் சொல்லிப் பாய்கிறார். பெரும்பாலும் அவரும் மூன்று முறை தட்டியே அன்றைய போட்டியை முடிக்கிறார். முதலாம் இடம் பெற்றவரும் தோல்வி கண்டே மைதானத்தை விட்டு வெளியேறுகின்ற போட்டி இது. பத்து ஆண்டுகளுக்கு மேல் இப்படிப் பழகிய ஒருவருக்கு, தடி விழுந்தால் எழுந்து மணலைத் தட்டிவிட்டு மறுபடி தொடக்க இடத்துக்கு நடந்து போவது இயல்பாகிவிடுமன்றோ? எதிர்வீரசிங்கம் அவர்களின் பிற்கால வாழ்க்கையைப் பார்க்கும்பொழுது இந்த நினைவே எமக்கு அடிக்கடி வருகிறது.

1956ஆம் ஆண்டின் இறுதியில் மெல்போர்ண் ஒலிம்பிக்கிலும் அவர் இலங்கைக்காகப் பாய்ந்தார். அதே ஆண்டு யூன் மாதத்தில் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியிருந்தது. தன் தாய்மொழிக்கு இடம் மறுத்த நாட்டின் பெயரை மார்பில் தாங்கி ஓர் இளைஞர் உலக அரங்கில் நின்றார். அவர் மனத்தில் என்ன இருந்தது என்று நாம் கற்பனை செய்து சொல்லப் புகவில்லை. நடந்ததை மாத்திரம் சொல்கிறோம்.

பின்பு 1958 வந்தது. மே மாதம் 24ஆந் தேதி டோக்கியோ நகரில் ஆசிய விளையாட்டு விழா தொடங்கியது. யூன் முதலாந் தேதி முடிந்தது. இந்தத் தேதிகளைக் கேட்டதும் இங்கிருக்கும் முதியோர் சிலரின் முகம் மாறுவதைக் காண்கிறோம். ஆம், அதே நாட்களில்தான் இலங்கையில் தமிழர்மீது கொடுமை கட்டவிழ்த்துவிடப்பட்டது. மே 27இல் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. நாம் இன்று நடமாடும் இதே வெள்ளவத்தைத் தெருக்களில் தமிழர் வீடுகள் தாக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் கொழும்பில் அகதி முகாம்களில் தங்கி, பின்பு கப்பல் ஏறி வடக்கே போய்ச் சேர்ந்தனர். அந்தக் கப்பலில் தாயின் மடியில் சென்ற குழந்தைகளாயிருந்தவர்கள் இன்று நரைத்த தலையோடு நம் நடுவில் இருக்கிறார்கள்.

அந்த விழாவிலேதான் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர், அதாவது ஆறடி எட்டங்குலம், தாண்டித் தங்கப் பதக்கம் பெற்றார். ஆசிய விழாவின் சாதனையைப் புதுப்பித்த பாய்ச்சல் அது. இலங்கை ஆசிய விளையாட்டு விழாவில் பெற்ற முதலாவது தங்கமும் அதுவே. முன்பு சொன்ன எண்ணை இப்பொழுது நினைத்துப் பாருங்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் உலகத்தை வென்றவர் தாண்டிய உயரத்துக்கும் இதற்கும் இடையில் இருந்தது ஒரு சென்ரிமீற்றர்.

ஊரில் தம் இனத்தவர் உயிர்தப்பி ஓடிக்கொண்டிருந்த அதே வாரத்தில், அந்த நாட்டுக்கு அதன் முதலாவது தங்கத்தை ஒரு தமிழர் பெற்றுக் கொடுத்தார். பழிக்குப் பழி பேசுவதற்காக இதை நாம் சொல்லவில்லை. நாட்டின் பெருமைக்கு எங்கள் பங்கு என்ன என்று யாராவது கேட்டால் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை என்பதற்காகவே சொல்கிறோம். 1962இல் ஜகார்த்தாவில் நடந்த அடுத்த ஆசிய விழாவிலும் அவர் வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

அப்பொழுது அவருக்கு வயது இருபத்தெட்டு. உயரம் பாய்பவருக்கு அது மாலைப் பொழுது. முழங்காலும் கணுக்காலும் ‘போதும்’ என்று சொல்லத் தொடங்கும் வயது. ஆனால் மனிதனுக்கு அது வாழ்க்கையின் காலைப் பொழுது. எஞ்சிய அறுபது ஆண்டுகளை என்ன செய்வது? விளையாட்டு வீரர் ஒவ்வொருவரும் சந்திக்க வேண்டிய கேள்வி இது. பதக்கம் பெற்றவரைவிடப் பதக்கம் பெறாதவரை இது இன்னும் கூர்மையாகக் குத்தும்.

அவர் இக்கேள்வி வருமுன்னரே விடை தேடி வைத்திருந்தார். அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அதன் சார்பில் பாய்ந்துகொண்டே படித்துப் பட்டம் பெற்றார். அந்த மைதானம் சாதாரணமானதன்று. 1960இல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் பத்து அம்சப் போட்டியில் தங்கமும் வெள்ளியும் வென்ற ரேபர் ஜோன்சன், தாய்வானைச் சேர்ந்த சீ. கே. யாங் ஆகிய இருவரும் அங்கே ஒரே பயிற்றுநரிடம் பயின்றவர்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு நல்ல விதி உண்டு. பேஸ்போல் என்னும் அவர்கள் நாட்டுப் பந்தாட்டத்தில் பந்தெறிபவனாயினும், உயரம் பாய்பவனாயினும், பாடங்களிற் குறித்த தரத்தைப் பெறாவிடில் கல்லூரிக்காக மைதானத்தில் இறங்க முடியாது. படிப்பும் விளையாட்டும் அங்கே ஒரே வண்டியின் இரு மாடுகள். நாங்களோ ஒரு மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டு வண்டி நேராக ஓடவில்லையே என்று வருந்துகிறோம்.

பின்னர் அவர் கோர்ணல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்து கலாநிதிப் பட்டம் பெற்றார். அதன் பின்னும் வசதியான ஓர் ஊரில் அமர்ந்து பழைய பதக்கத்தைத் துடைத்துக்கொண்டிருக்கவில்லை. ஆபிரிக்காவில் சியெரா லியோன் போன்ற நாடுகளில் கல்விப் பணி செய்தார். புதிதாய்ச் சுதந்திரம் பெற்ற தேசங்கள் அவை. போர் நிறுத்த காலத்தில் வடக்கு கிழக்குக்கு வந்து, சிதைந்து கிடந்த கல்வியையும் மக்கள் வாழ்வையும் மீள நிறுத்தும் முயற்சிகளில் பங்குகொண்டார்.

பெரியோர்களே, “விளையாட்டுச் சோறு போடுமோ?” என்ற கேள்விக்கு இந்த வாழ்க்கை சொல்லும் விடை என்ன? தங்கப் பதக்கம் அவருக்குச் சோறு போடவில்லை. படிப்பே போட்டது. ஆனால் கடல் கடந்த பல்கலைக்கழக மைதானத்தில் அவரை நிறுத்தியது அவர் காலின் வலிமை. ஆகவே எங்கள் பெற்றோரும் சரி. பந்தைக் கேட்டு அழுகின்ற பிள்ளையும் சரி. ஒன்றை மற்றொன்றுக்கு எதிராக நிறுத்தியதே பிழை.

இத்துடன் நாம் பேச்சை முடித்தால் கைதட்டி விட்டுப் போவீர்கள். ஆனால் சொல்லாமல் விட முடியாத ஒரு கதை இன்னும் உண்டு. அது எங்கள் குற்றத்தைப் பற்றியது.

பல ஆண்டுகளுக்கு முன் எமது சங்கத்து இளைஞர் பகுதியில் ஒரு பையன் இருந்தான். கொட்டாஞ்சேனைப் பிள்ளை. பெயர் வேண்டாம், படித்த கல்லூரியின் பெயரும் வேண்டாம். வேகப் பந்துவீச்சாளன். அவன் ஓடி வந்தால் துடுப்பாட்டக்காரர் ஓரடி பின்வாங்குவார்கள். சனிக்கிழமைகளில் நாம் ஏழெட்டுப் பேர் வேலைகளை விட்டுவிட்டு அவன் விளையாடும் மைதானத்துக்குப் போய்விடுவோம். இதே மேடையில் அவனுக்குப் பொன்னாடை போர்த்தியவர்களில் நாமும் ஒருவர். ஒருநாள் காலை முதல் மாலை வரை முப்பது ஓவர்களுக்கு மேல் அவன் பந்துவீசினான். தோள் வலிக்கிறது என்று தேநீர் இடைவேளையில் எம்மிடம் சொன்னான். “இன்னும் இரண்டு விக்கெட்தானே, தம்பி” என்று நாம் சொன்னோம். வீட்டில் தாயார் எண்ணெய் தடவிவிட்டார். அடுத்த கிழமையும் வீசினான். உயர்தரப் பரீட்சையை அடுத்த ஆண்டு எழுதலாம் என்று யோசனை சொன்னவர்களிலும் நாம் இருந்தோம்.

அந்தத் தோள் பிறகு சரிவரவில்லை. அணியில் இடம் போயிற்று. பரீட்சையும் போயிற்று. அவன் சங்கத்துக்கு வருவதும் நின்றது. ஏன் வரவில்லை என்று யாரும் போய்க் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு வேறொரு பையனுக்குப் பொன்னாடை போர்த்தினோம்.

சில ஆண்டுகள் சென்று, பழைய சோனகத் தெருவில் ஓர் இரும்புக் கடையில் தற்செயலாக அவனைக் கண்டோம். தராசில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தான். இடது கையால் நிறுத்தான். எம்மைக் கண்டதும் எழுந்து நின்று, கதிரை போட்டு, சோடா வாங்கித் தந்தான். சங்கத்தைப் பற்றி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விசாரித்தான். புறப்படும் வேளையில் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னான்: “ஐயா, கை நல்லா இருந்த நாளில ஒவ்வொரு சனியும் வந்தீங்கள். கை போன பிறகு ஒரு நாளும் வரேல்ல.” குற்றஞ் சாட்டும் குரலில் சொல்லவில்லை. அதனாலேயே நாம் அன்று இரவு உறங்கவில்லை.

இன்று அவர் நல்ல குடும்பஸ்தர். அதே தெருவில் சொந்தமாக ஒரு சிறு கடை நடத்துகிறார். மாலையில் கடை பூட்டியதும், வீட்டுக்குப் பக்கத்து ஒழுங்கையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பந்துவீசக் கற்றுக்கொடுக்கிறார். நாம் போய்ப் பார்த்தோம். ஒவ்வொரு பிள்ளையும் வீசுகிற பந்துகளை வாய்விட்டு எண்ணுகிறார். முப்பத்தாறு ஆனதும் நிறுத்திவிடுகிறார். “இன்னும் ஒன்று, மாமா” என்று பிள்ளை கெஞ்சினாலும் விடுவதில்லை. பந்தை வாங்கிப் பையில் போட்டுவிட்டு, “போய்ப் படி” என்கிறார். பல்கலைக்கழகத்திற் பட்டம் பெறாத அந்த மனிதரும் எம் மனத்தில் ஓர் ஆசிரியரே.

இரண்டு வாழ்க்கைகளைச் சொன்னோம். திறமையும் உழைப்பும் இருவரிடமும் இருந்தன. ஒருவருக்கு மைதானத்துக்கு அப்பால் ஒரு கதவு திறந்திருந்தது. மற்றவருக்கு நாங்கள் கைதட்டினோம்; கதவைப் பற்றி நினைக்கவில்லை.

ஆதலால் இவ்விழாவில் மூன்று காரியங்களைச் சங்கத்தின் முன் வைக்கிறோம். முதலாவது, எமது இளைஞர் பகுதியில் விளையாடும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர் பொறுப்பாக இருக்க வேண்டும். அவர் பிள்ளையின் புள்ளிப் புத்தகத்தையும் பார்க்க வேண்டும்; பரீட்சைப் பெறுபேற்றையும் பார்க்க வேண்டும்; வலி என்று சொன்னால் வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இரண்டாவது, விழாவில் மாலைக்கும் பொன்னாடைக்கும் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை, காயமுற்ற விளையாட்டு வீரரின் சிகிச்சைக்கும் தவறிய பரீட்சையை மீண்டும் எழுதுவதற்கும் ஒதுக்க வேண்டும். மூன்றாவது, பெண் பிள்ளைகளை மறக்கலாகாது. யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் 2009இலும் 2018இலும் ஆசிய வலைப்பந்துக் கிண்ணம் வென்ற இலங்கை அணியின் தூணாக நின்றார். அத்தகைய உயரமும் திறமையும் உடைய ஒரு பெண் வெள்ளவத்தையில் எந்த மாடிவீட்டுக்குள் அடைபட்டிருக்கிறாளோ, யார் கண்டார்?

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. விளையாடுங்கள். உடல் இடங்கொடுக்கும் காலத்தில் முழு மனத்தோடு விளையாடுங்கள். ஆனால் அந்தக் காலம் குறுகியது என்பதை இப்பொழுதே அறிந்துகொள்ளுங்கள். இருபத்தெட்டு வயதில் மைதானத்தை விட்டு வரும்பொழுது கையில் வேறொரு தொழிலோ கல்வியோ இருக்கட்டும். தடி விழுந்தால் வெட்கப்பட வேண்டாம். எழுந்து தொடக்க இடத்துக்கு நடந்து போங்கள்.

பெரியோர்களே, வருகிற சனிக்கிழமை பிற்பகலில் உங்கள் பிள்ளையின் ரியூஷன் வகுப்பில் ஒன்றை மாத்திரம் நிறுத்திப் பாருங்கள். அந்த இரண்டு மணித்தியாலத்தைக் கடற்கரைக்கோ மைதானத்துக்கோ கொடுங்கள். நீங்களும் கூடவே போங்கள். பழைய சோனகத் தெருவுக்கு வழி தெரியாதவர் எவரேனும் இருந்தால், விழா முடிந்ததும் எம்மிடம் வாருங்கள். அந்த இரும்புக் கடைக்கு நாமே அழைத்துச் செல்கிறோம். அடுத்த ஆண்டு விழாவில் இம்மேடையில் பேச வேண்டியவர் அவரே என்பது எமது விண்ணப்பம்.